யானைக்கு வாட்ச் கிடையாது

2016-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டியில் என்னைத் திருவிழா யானைப் பொறுப்புக்குப் போட்டார்கள். யானையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது, விடியற்காலை இரண்டரைக்கே பால்வெட்டுக்கு எழுந்துவிடுவேன். யானை லாரி கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி ஊர் வந்து சேர்வதும் அந்த நேரத்தில்தான். அது போதாதா? பந்தல், அன்னதானம், மைக் செட் என்று ஆளுக்கு ஒன்றாகத் தெரிந்த வேலைகளை எடுத்துக்கொண்ட பிறகு யானை மட்டும் மிஞ்சியிருந்தது. "ஓலை வெட்டிப் போடணும், வாழைக்குலை வாங்கி வைக்கணும், அவ்வளவுதான் மக்களே" என்றார் செயலாளர் மாமா.

அவ்வளவுதான் இல்லை என்று எனக்குப் புரிய மூன்று திருவிழா ஆயிற்று. மூன்றாவதில் என் அண்ணன் மகன் கை ஒடிந்தது.

வெளி மாவட்டத்து நண்பர்கள் கேட்பார்கள், உங்கள் ஊர்த் திருவிழாவில் மட்டும் ஏன் இத்தனை யானை என்று. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். ராஜ்ஜியம் மாறினாலும் கோயில் முறை மாறவில்லை. தந்திரி என்கிற கேரள முறைத் தலைமை அர்ச்சகர் வந்து கொடியேற்றுவார், சாமி வேட்டைக்குப் போகும் பள்ளிவேட்டை உண்டு, கடைசி நாள் சாமி நீராடும் ஆறாட்டு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் திருவிழா கண்டு மூவாற்றுமுகத்துக்கு ஆறாடப் போவார். இரவில் கதகளி நடக்கும், பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். மற்ற ஊர்களில் சப்பரமும் தேரும் செய்கிற வேலையை எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்களில் யானைதான் செய்யும். நெற்றிப்பட்டம் கட்டி, முத்துக்குடை பிடித்து, மேலே அம்மனின் உற்சவ உருவமான திடம்போ சந்தனக் குடமோ ஏறி வந்தால்தான் ஊருக்குத் திருவிழா வந்த மாதிரி இருக்கும்.

எனக்கு நினைவில் இருக்கும் முதல் யானை நவராத்திரி பவனியில் வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கு முடிந்ததும் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேல் ஏறுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் கூட வருவார்கள். முதல் நாள் இரவு குழித்துறை, மறுநாள் நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். வழியெல்லாம் வீட்டு முன்னால் குத்துவிளக்கும் நெல் நிரப்பிய நிறைநாழியும் வைத்துக் காத்திருப்பார்கள். மார்த்தாண்டத்தில் என் பாட்டி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். இத்தனை பெரிய உடம்பு பக்கத்தில் வந்து நின்றபோது காலடிச் சத்தமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அன்றைய ஆச்சரியம். பாதத்துக்கு அடியில் மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கிறது, அதனால்தான் சத்தம் வராது என்று பல வருடம் கழித்து ஒரு பாகன் சொன்னார். அந்த மெத்தை தார் ரோட்டுச் சூட்டில் என்ன பாடு படும் என்பதையும் அவரே சொன்னார்.

முதல் வருடம் ஒரே ஒரு யானை. பிடியானை, அதாவது பெண் யானை, நடுவயது, சாது. நான் நாற்பது கிலோ தர்ப்பூசணியும் மூன்று வாழைக்குலையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரத்தி எடுக்காத குறையாக நின்றேன். பாகன் லாரியை விட்டு இறங்கியதும் பழத்தைப் பார்க்கவே இல்லை. "சாரே, வெள்ளம் எவிடே?" என்றார். தண்ணீர் ஒரு சின்ன டிரம்மில் இருந்தது. யானை அதை இரண்டு நிமிடத்தில் காலி செய்துவிட்டு என்னைப் பார்த்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மோட்டார் போடச் சொல்ல வேண்டியதாயிற்று.

யானை ஒரு நாளைக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். உடம்பில் ஊற்ற வேண்டியது தனி. நம்மைப் போல வியர்த்து உடம்பு குளிராது, காதை விசிறித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இப்போதெல்லாம் நான் முதலில் ஏற்பாடு செய்வது தண்ணீர்தான். கட்டும் இடத்தில் இரண்டு பெரிய சின்டெக்ஸ் தொட்டி, ஊர்வலம் போகும் வழியில் மூன்று இடத்தில் டிரம், அதைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஒரு பையன். தண்ணீர் குறைந்து, காய்ந்த ஓலையும் மட்டையும் மட்டும் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். பாகன்மார் அதை எரண்டக்கெட்டு என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் முகம் மாறிவிடும், உயிரையே வாங்கிவிடக்கூடிய நோய்.

கட்டும் இடத்தையும் நான் தப்பாகத்தான் பார்த்து வைத்திருந்தேன். கோயிலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம். பாகன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு இடம் கேட்டார். ஜெனரேட்டர் சத்தம் நமக்குக் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். யானை நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியையும் கேட்கும், தரையின் அதிர்வைக் காலாலேயே உணரும். ராத்திரி பூராவும் அந்த உறுமலுக்குப் பக்கத்தில் நின்றால் மறுநாள் எப்படி இருக்கும்? ரப்பர் மரத்தில் கட்டலாமா என்று கேட்டேன், சிரித்தார். கடைசியில் சானல் என்கிற கால்வாய்க் கரையில் என் பெரியம்மா வீட்டு அயனி மரத்தடி கிடைத்தது. நல்ல நிழல், மண் தரை, குளிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே. பெரியம்மாவுக்கு அன்றிலிருந்து ஊரில் தனி மரியாதை.

பாகனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு யானைக்கு இரண்டோ மூன்றோ பேர் வருவார்கள். பாகனை மலையாளத்தில் பாப்பான் என்பார்கள்; ஒன்றாம் பாப்பான்தான் எல்லாம், மற்றவர்கள் கீழே. இடத்தானே, வலத்தானே என்று அவர் சொல்வதற்குத்தான் யானை திரும்பும். பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் ரெண்டு வார்த்தை கற்றுக்கொண்டு தாங்களும் கத்துவார்கள், அதை முதலிலேயே நிறுத்த வேண்டும். நான் அவரை ஆசானே என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கம் தொழில் தெரிந்தவருக்கு அந்தப் பெயர். யானை வந்த நேரத்திலிருந்து திரும்பிப் போகிற நேரம் வரை, யானை சம்பந்தமாகக் கமிட்டித் தலைவர் சொல் அவர் சொல்லுக்குக் கீழேதான். இதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. நான் வாங்கினேன், தலைவருக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான்.

பாகன்மாருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுப்பதில் ஊர்கள் கஞ்சத்தனம் காட்டும், ஊற்றிக் கொடுப்பதில் காட்டாது. இது எனக்குப் பிடிக்காத வழக்கம். 'பாவம், களைச்சு வந்திருக்காரு' என்று ஆரம்பிக்கும். குடித்தவர் கையில் ஐந்து டன் உயிரை ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நடத்தச் சொல்வது எந்த வகை உபசாரம்? எங்கள் ஊரில் இப்போது இரவு பத்து மணிக்குப் பிறகு அயனி மரத்தடிக்கு நானும் இன்னொருவரும் தவிர யாரும் போகக் கூடாது. கட்டுச்சோறும் கட்டஞ்சாயாவும் மட்டும் போகும்.

இரண்டாம் வருடம் மூன்று யானை. காரணம் பக்தியில்லை, பக்கத்து ஊரில் மூன்று வந்திருந்தது. கேரளத்தில் யானை வாடகையை ஏக்கம் என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ, திருவிழா முடிந்து கணக்குப் பார்த்தபோது எங்கள் பொருளாளரிடம் அதுதான் மிச்சமிருந்தது. ஆனாலும் மூன்று யானை நின்றதைப் பார்த்த ஊர் அடுத்த வருடம் ஐந்து கேட்டது.

அந்த ஐந்துதான், 2018 மாசி.

ஏஜெண்ட் ஒருவர் மூலம் ஏற்பாடு. நான்கு யானைகள் சொன்னபடி வந்தன. ஐந்தாவதாக நாங்கள் போட்டோ பார்த்துப் பேசி முடித்திருந்த கொம்பனுக்கு, அதாவது தந்தமுள்ள ஆண் யானைக்கு, பதிலாக வேறொரு கொம்பன் இறங்கியது. கேட்டதற்கு, "அதைவிட இது எடுப்பு" என்றார் ஏஜெண்ட். உண்மையிலேயே எடுப்புதான், தந்தம் இரண்டும் அகன்று வளைந்து அழகாக இருந்தது. நாங்களும் வாய் பிளந்து நின்றோம். காகிதங்கள் கையில்தான் இருந்தன. தந்தத்தின் அளவு, நகங்களின் எண்ணிக்கை, மைக்ரோசிப் எண் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த யானை முந்தின இரவு முழுவதும் வேறொரு கோயிலில் எழுந்தருளிப்பு என்கிற சாமி ஊர்வலத்துக்கு நின்றுவிட்டு நேராக லாரி ஏறி வந்திருந்தது என்று அதன் ரெண்டாம் பாப்பான் சாயா குடிக்கும்போது என்னிடம் சொன்னார். யானை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போலத்தான் தூங்கும். அந்த நாலும் அதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது அது ஒரு செய்தியாகவே படவில்லை.

நான்கு மணிக்குப் பவனி புறப்படுவதாக நோட்டீஸ். இரண்டரைக்கே நெற்றிப்பட்டம் கட்டி, மணி மாலை போட்டு, தார் ரோட்டில் வரிசையாக நிறுத்திவிட்டோம். கொடியசைக்க வர வேண்டிய விருந்தினர் வரவில்லை. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. செண்டைக்காரர்கள் சும்மா நிற்க முடியாமல் சிங்காரி மேளம் வாசிக்க ஆரம்பித்தார்கள், அதற்கு எதிரே இளைஞர்கள் வரவழைத்த நாசிக் டோல். ஐந்தாவது யானை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தது. "பாரு, மேளத்துக்குத் தாளம் போடுகு" என்று எல்லோரும் மொபைலில் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன், இன்னும் என்னிடம் இருக்கிறது. மேளம் நின்ற பிறகும் அந்தத் தலை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது அதில். கட்டிப்போட்ட யானை ஒரே இடத்தில் நின்று நின்று மனம் நொந்து செய்வது அது. தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்தேகாலுக்கு ஒன்றாம் பாப்பான் என்னிடம் வந்து, யானையை நிழலுக்கு மாற்றிக் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். இதோ கார் வந்துவிட்டது, இன்னும் பத்தே நிமிடம் என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சாரே, நமக்கு வாட்ச் உண்டு, ஆனைக்கு வாட்ச் இல்லே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இருபது நிமிடம் கழித்துக் கார் வந்தது. விருந்தினர் இறங்கிய உற்சாகத்தில் எங்கள் பையன்களே பேப்பர் பிளாஸ்ட் அடித்தார்கள். அது பட்டாசு இல்லை, காற்றழுத்தத்தில் வண்ணக் காகிதம் பறக்கிற சமாச்சாரம்தான். ஆனால் டப்பென்ற சத்தம் யானைக்குப் பின்பக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை விசிறிக்கொண்டிருந்த காது இரண்டும் அப்படியே நின்றன, வாலும் நின்றது. பிறகு அது திரும்பியது.

ஓடவில்லை. வேகமாக நடந்தது, அவ்வளவுதான். எதிரில் இருந்த ஹாலோ பிளாக் சுவர் அதன் நெஞ்சு பட்டதும் அப்பளம் மாதிரி விழுந்தது. அந்தப் பக்கம் வாழைத்தோட்டம், உள்ளே போய் நின்றுகொண்டது. ஒருவரையும் அது தொடவில்லை. தொட்டதெல்லாம் நாங்கள்தான், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடியதில் என் அண்ணன் மகன் ஓடையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எட்டு வயது.

அடுத்த ஐம்பது நிமிடம் அந்தப் பாகன் செய்ததைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். முதலில் மேளத்தை நிறுத்தச் சொன்னார். அப்புறம் தோட்டத்தைச் சுற்றி இருந்த லைட்டையும் மொபைல் வெளிச்சத்தையும் அணைக்கச் சொன்னார். மற்ற நான்கு யானைகளையும் எதிர்த் திசையில் கூட்டிப் போகச் சொன்னார். எங்கள் பையன்கள் கம்பு எடுத்து வந்தார்கள், எல்லாவற்றையும் கீழே போடச் சொன்னார். யானைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, ரெண்டாம் பாப்பான் மட்டும் பக்கவாட்டில் மெதுவாகப் போய் இழுபட்டுக் கிடந்த பின்கால் சங்கிலியை ஒரு தென்னையில் சுற்றினார். பிறகு பேச ஆரம்பித்தார். அதட்டலே இல்லை, குழந்தையைச் சோறுண்ண வைக்கிற குரல். அது ஒரு வாழையைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்ததும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தண்ணீர் கொண்டுபோனோம். வாழைத்தோட்டக்காரருக்கும் சுவர்க்காரருக்கும் கமிட்டி பணம் கொடுத்தது. விருந்தினர் எப்போது போனார் என்று தெரியாது.

காப்பீட்டுப் பணம் வரவில்லை. காகிதத்தில் இருந்த யானையும் சுவரை இடித்த யானையும் வேறு வேறு.

அன்றைக்கு அதற்கு மதம் இல்லை. இருந்திருந்தால் நான் இதை இந்தத் தொனியில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பாகன்மார் மதத்தை 'நீர்' என்பார்கள், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பியிலிருந்து ஒழுகும். ஆசிய யானைகளில் ஆணுக்குத்தான் அது வரும், வாரக் கணக்கிலும் நீடிக்கும் மாதக் கணக்கிலும் நீடிக்கும். அதனால் கொம்பன் பேசும்போது முதலில் நான் கேட்பது, கடைசியாக நீர் எப்போது நின்றது என்பதுதான். இரண்டாவது கேள்வி, எங்கள் தேதிக்கு முந்தின இரண்டு நாள் யானை எங்கே இருக்கும் என்பது. இந்த இரண்டுக்கும் வழுவழுவென்று பதில் சொல்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. உடமைக்காரரிடம் நேராகப் பேசுகிறேன், முடிந்தால் போய்ப் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே கறை இருக்கிறதா, சங்கிலி உரசிய புண் காலில் இருக்கிறதா, நகத்தைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் படிப்பு வேண்டாம். நெற்றிப்பட்டம் கட்டிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதற்கு முன்பு பார்க்க வேண்டும்.

காகித வேலை சலிப்பான விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது, தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கென்று 2011-ல் தனி விதிகளும் வந்தன. வனத்துறை, போலீஸ், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். மாநில எல்லை தாண்டி வருவதால் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். யானை இறங்கியதும் டார்ச் அடிக்காமல், விடிந்த பிறகு, காகிதத்தையும் யானையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வழியைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. யானை மேல் ஆள், ஆள் கையில் திடம்பு, அதற்கு மேல் முத்துக்குடை. எல்லாம் சேர்ந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள், பிறகு தெருவில் தொங்கும் கேபிள் டிவி வயரைப் பாருங்கள். கவைக்கம்பால் தூக்கிவிடலாம் என்பது கேபிளுக்குச் சரி. மின்கம்பிக்கு மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்வதுதான் வழி. அப்புறம் ஓடை மேல் போட்ட சிலாப். யானை அதில் கால் வைக்காது. தும்பிக்கையால் தடவிப் பார்க்கும், ஒரு காலால் அழுத்திப் பார்க்கும், பிறகு நின்றுவிடும். கட்டாயப்படுத்தினால் பின்னால் வருபவர்கள்தான் நசுங்க வேண்டும். பவனிக்கு ஒரு வாரம் முன்பு நான் பாகனிடம் வீடியோவில் முழு வழியையும் காட்டிவிடுவேன், அவர் ஒவ்வொரு சிலாப்பாகக் கேட்பார்.

கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பின்னால் நிற்காதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள், லட்டும் தேங்காயும் வாயில் திணிக்காதீர்கள். வால்முடி கேட்டு யாரும் பாகனைத் தொல்லை செய்யாதீர்கள், மோதிரத்தில் வைத்துக் கட்டினால் பயம் போகும் என்பதற்காக யானைக்கு வலிக்க வேண்டுமா? எங்கள் பக்கம் இன்னொன்று உண்டு. பயந்த பிள்ளைகளை யானையின் காலுக்கு நடுவே நுழைய வைப்பார்கள். என்னையும் சிறுவயதில் நுழைய வைத்திருக்கிறார்கள். பயம் போகவில்லை என்பது வேறு விஷயம், இப்போது நான் அதை அனுமதிப்பதில்லை. சில தாய்மார்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கொரோனா முடிந்து திருவிழா திரும்ப ஆரம்பித்தபோது ஐந்து என்ற பேச்சே எழவில்லை, இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். 2024 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் யானை எழுந்தருளிப்புக்கு அளவுகள் சொன்னது. இரண்டு யானைகளுக்கு நடுவே 3 மீட்டர், யானைக்கும் மக்களுக்கும் நடுவே 8 மீட்டர், வாணவேடிக்கைக்கும் யானைக்கும் நடுவே 100 மீட்டர். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. எப்படியும் நாங்கள் தமிழ்நாடு, அந்த உத்தரவு எங்களுக்கு இல்லை. ஆனால் அளவு நாடாவுக்கு மாநில எல்லை கிடையாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு பையன்களும் நாடாவை எடுத்துக்கொண்டு பவனி வழியை அளந்தோம். வடக்குத் தெரு 13 அடி. எட்டு மீட்டர் என்றால் 26 அடிக்கு மேல். யானை நடந்தால் ஆள் நிற்கச் சுவருக்குள்தான் இடம் தேட வேண்டும். இத்தனை வருடம் அந்தத் தெருவில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

அளந்த தாளைக் கமிட்டியில் வைத்தேன். மூன்று மணி நேரம் சண்டை. 'நாளைக்கு ரோபோ யானைதான் வைப்பீங்க' என்று ஒருவர் எழுந்து போனார். 2023-ல் திருச்சூர் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் இயந்திர யானை வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. காதும் கண்ணும் அசைகிற அந்த ரப்பர் உருவம் எனக்கு ஒட்டவில்லை, முன்பு சிரித்தேன் கூட. இப்போது சிரிப்பதில்லை. கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதும் அதே வருடம்தான். இருக்கிற யானைகளுக்கு வயது ஏறுகிறது, வாடகை அதைவிட வேகமாக ஏறுகிறது. எங்கள் பேரப்பிள்ளைகள் திருவிழாவில் எதைப் பார்ப்பார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

கடைசியில் ஒரு யானை என்று முடிவாயிற்று. கோயில் மைதானத்திலிருந்து ஜங்ஷன் வரை, 400 மீட்டர். ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் ஆட்கள், கயிறு கட்டி. ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்த பிறகு புறப்படும், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும். பேப்பர் பிளாஸ்ட் கிடையாது. செண்டை யானைக்கு 30 மீட்டர் முன்னால். ஜங்ஷனில் யானை அம்மனை இறக்கிவிட்டு அயனி மரத்தடிக்குத் திரும்பிவிடும், தெருக்களுக்குள் அம்மன் பல்லக்கில் வருவாள். பல்லக்கு என்றதும் முகம் சுளித்தவர்களிடம், 2020-ல் கொரோனா நேரத்தில் சரஸ்வதியே திருவனந்தபுரத்துக்குப் பல்லக்கில்தான் போனாள் என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

2025 மாசியில் அப்படியே நடந்தது. யானை வேலை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. எனக்குத் திருவிழாவில் முதன்முறையாகப் பெண்கள் பூத்தட்டு ஏந்தி வரும் பூந்தாலத்தையும் வில்லுப்பாட்டையும் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. அண்ணன் மகன் இப்போது பதினைந்து வயது, தண்ணீர் டிரம் பொறுப்பு அவனுக்கு. மணிக்கட்டு மழைக்காலத்தில் வலிக்கும் என்பான்.

ஒருவரை மட்டும் சமாதானப்படுத்த முடியவில்லை. வடக்குத் தெருவில் ஒரு பாட்டி, எண்பது தாண்டியவள். யானை தன் நடையில் நின்று போவது அவளுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வழக்கம். பல்லக்கு வந்தபோது விளக்கு வைத்துக் கும்பிட்டாள், அம்மனிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும்தான், "எனக்க நடைக்கு ஆனை வராம ஆக்கிப்போட்டியே மக்களே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். அடுத்த வருடம் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குக் கூட்டிப்போகிறேன், முன்வரிசையில் நாற்காலி போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டாள். ஆனால் கயிற்றுக்கு உள்ளே போட வேண்டுமாம், தும்பிக்கை தலையில் படுகிற தூரத்தில். இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.